பையன் வாத்தியார் ஆகட்டும், விடுங்கள்

பையனை பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்க வைப்பது என்று ஆலோசனை கேட்டு, போன சனிக்கிழமை கரூரிலிருந்து நீங்களும் வீட்டம்மாவும் பையனும் என்னிடம் வந்தீர்கள். மேஜை மேல் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு உங்கள் மச்சானையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டீர்கள். முக்கால் மணி நேரத்தில் பையன் பேசியது மூன்று வாக்கியம் இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் மச்சான்தான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் சயின்ஸ், அதிலும் ஏஐ, பொங்கலுக்குள் 50,000 அட்வான்ஸ் கட்டினால் சீட்டு உறுதி. “கணக்கு வாத்தியார் ஆகணும்” என்று பையன் சொன்னபோது ஸ்பீக்கரில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

“பயப்படாதீங்க அண்ணா, பொறுமையா யோசிக்கலாம்” என்று சொல்லி அனுப்பினேன். அது என் தொழில் பழக்கம். நீங்கள் பஸ் ஏறியிருக்க மாட்டீர்கள், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அதற்குள் தோன்றிவிட்டது. இதில் பொறுமையாக யோசிக்க ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

முதலில் காசைப் பேசிவிடுவோம். விடுதியோடு நான்கு வருடத்துக்கு 14 லட்சம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தீர்கள். கையில் 3 லட்சம், மீதி 11 லட்சம் வங்கிக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி அடமானம் கேட்கும், அதனால்தான் வீட்டுப் பத்திரத்தைப் பற்றி விசாரித்தீர்கள். பத்தரை சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். மாதம் 14,800 சொச்சம். படிக்கும் நான்கு வருடமும், வேலை தேட விடும் ஒரு வருடமும் ஏறுகிற வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. உங்களுக்கு இப்போது 51 வயது. அப்படியென்றால் அந்தத் தவணையைக் கட்டப்போவது பையன். பிடிக்காத ஒரு வேலையை 33 வயது வரை விட முடியாதபடி அவனைக் கட்டிப்போட நீங்களே பத்திரம் வைக்கிறீர்கள். கல்லூரியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் படிப்பைக் கேட்டு வருகிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பாகவே இருக்கலாம். உங்கள் பிள்ளை கேட்கவில்லை.

அவன் கேட்பது விளையாட்டுப் பேச்சு என்று மச்சான் நினைக்கிறார். கிளம்பும்போது வீட்டம்மா பையிலிருந்து ஒரு லாங்-சைஸ் நோட்டை எடுத்துக் காட்டினாரே, அதை நீங்கள் சரியாகப் பார்த்தீர்களா? 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் ஆரம்பித்தபோது அவர் தன்னார்வலர் ஆனார். மாதம் 1,000 ரூபாய், சாயங்காலம் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள். பையன் அப்போது எட்டாவது. அம்மாவுக்குப் பின்னம் சொல்லித்தர வரவில்லை என்று அவன் உள்ளே நுழைந்திருக்கிறான். அப்புறம் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. நோட்டில் ஒரு பக்கத்தை என் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்: “1/3 பெரிசா 1/4 பெரிசான்னு கேட்டா 1/4ங்கிறான். மூணை விட நாலு பெரிசாம். தோசையை வெட்டிக் காட்டியும் மாறல. நாளைக்கு அதே தோசையை மூணு பேர், நாலு பேர்னு அவங்களையே பங்கு போட விடணும்.”

பிள்ளை தப்பாகச் சொன்னால் நாம் எல்லோரும் சரியான விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். தப்பு எங்கிருந்து முளைத்தது என்று தோண்டுகிறவர்கள் குறைவு. பி.எட். முடித்துப் பல வருடம் ஆனவர்களிலும் குறைவு. இதை பதின்மூன்று வயதில் யாரும் சொல்லித்தராமல் செய்திருக்கிறான்.

“முதல்ல பி.இ. முடிக்கட்டும், அப்புறமும் ஆசை இருந்தா டீச்சர் ஆகட்டும்” என்றும் மச்சான் சொன்னார். 2015-க்குப் பிறகு பொறியியல் முடித்தவர்களும் பி.எட். சேர வழி இருக்கிறது, உண்மைதான். அந்த வழியில் வருகிறவர்கள் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். வயது 27, 28. தலையில் கல்விக் கடன், கையில் ராஜினாமாக் கடிதம், வீட்டில் யாரும் பேசுவதில்லை. அங்கே சுற்றி இங்கே வர ஆறு ஏழு வருடம் எதற்கு?

ஆம்பளைப் பையன் வாத்தியாரானால் யார் பெண் கொடுப்பார்கள் என்ற கேள்வியும் வந்தது. கொங்குப் பக்கம் வாத்தியார் மாப்பிள்ளை என்றால் வீடு தேடி வந்த காலத்தை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அதற்கு மேல் நான் இதற்குப் பதில் சொல்வதாக இல்லை.

மச்சானுக்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன் அல்லவா? “யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்க” என்றார். ‘எந்த கோர்ஸுக்கு ஸ்கோப்’ என்று வரும் வீடியோக்களை நானும் பார்க்கிறேன். இடையில் எந்தக் கல்லூரியின் விளம்பரம் வருகிறது என்று பாருங்கள், பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. தேர்வு முடிவு வந்த மறுநாள் பேப்பரைப் பிரித்தால் அப்படித் தெரிகிறதா? முழுப்பக்கத்துக்குத் தபால்தலை அளவில் முகங்கள், கீழே அட்மிஷன் நம்பர். அரசு இறக்கி வைத்த பாரத்தை விளம்பரம் தூக்கிக்கொண்டது.

சரி, வழிக்கு வருகிறேன். மூன்று வருடம் பி.எஸ்ஸி., அப்புறம் இரண்டு வருடம் பி.எட். என்பது எல்லோருக்கும் தெரிந்தது, விடுகிறேன். உங்கள் பையனுக்கு நான் சொல்ல நினைப்பது மைசூரு.

மைசூரில் மானசகங்கோத்ரிக்குப் பக்கத்தில் வட்டாரக் கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஆர்.ஐ.இ. என்பார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் சி.பி.எஸ்.இ. புத்தகங்களைப் போடுகிற என்.சி.இ.ஆர்.டி.தான் இதை 1963-இல் தொடங்கியது. அஜ்மீர், போபால், புவனேஸ்வர் ஆகிய ஊர்களிலும் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. தென் மாநிலங்களுக்கு மைசூரு. பாடப் பட்டமும் ஆசிரியர் பட்டமும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இப்போது அதற்கு ஐடெப் (ITEP) என்று பெயர், கிடைப்பது பி.எஸ்ஸி. பி.எட். பட்டம். ஐந்து வருட வேலை நான்கு வருடத்தில் முடிகிறது என்பது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் சார்பு, தொடர்ச்சி என்று கணிதம் படிக்கிறவன், அதே வளாகத்தில் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பிள்ளை எதிர்ம எண்ணில் எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். நோட்டு எழுதுகிற பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணத்தை உங்கள் துண்டுச்சீட்டோடு ஒப்பிடவே வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

சேர்க்கைக்கு என்.சி.இ.டி. என்ற தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 160 கேள்விகள், 3 மணி நேரம். இரண்டு மொழிகள், மூன்று பாடங்கள், பொது அறிவு, அதோடு கற்பிக்கும் திறன் என்று ஒரு பகுதி. தமிழிலும் எழுதலாம். இந்த ஒரே தேர்வில் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கும் முயலலாம். பலர் கோட்டை விடுவது தேதியில்தான். பிளஸ் டூ முடிவு வரும்வரை இது காத்திருக்காது. 2025-இல் விண்ணப்பம் பிப்ரவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிட்டது, தேர்வு ஏப்ரல் 29. மே மாதம் மார்க் ஷீட்டோடு என்னிடம் வந்தால் அடுத்த வருடம்தான்.

முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? என்னிடம் வந்த ஒரு பெண் அங்கே படித்தாள். இன்று டீச்சர், எனக்கு இன்னும் ‘அவள்’தான். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளின் ஆசிரியர் அறிவிப்புகளில் தகுதி வரிசையைப் படித்தால், என்.சி.இ.ஆர்.டி.யின் வட்டாரக் கல்லூரியில் படித்த நான்கு வருடப் பட்டம் பெயர் சொல்லியே இருக்கும். பாடத்தில் 50 சதவீதம், மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சி.டெட் இரண்டாம் தாள், அப்புறம் அவர்கள் வைக்கும் தேர்வு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900, படிகள் தனி. அவள் தேறி நவோதயாவுக்குப் போனாள். தமிழ்நாட்டில்தான் நவோதயா கிடையாதே, மொழிக் கொள்கைச் சண்டை. வட கர்நாடகத்தில் போட்டார்கள்.

நவோதயா என்றால் ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள், ஆசிரியர்களும் வளாகத்திலேயே. ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று விடுதிகளுக்குப் பெயர். தமிழ்ப் பெண்ணுக்கு நீலகிரி விடுதியின் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். முதல் ஆறு மாதம் அழுதுகொண்டுதான் போன் செய்தாள். விடியற்காலையில் பி.டி.க்குப் பிள்ளைகளை எழுப்ப வேண்டும். காய்ச்சல் வந்த பிள்ளையோடு நடுராத்திரி உட்கார வேண்டும். கன்னடம் அரைகுறை. பகல் முழுக்கப் பேசித் தொண்டை கட்டிவிடும். சாயங்காலம் போன் பார்ப்பதே நின்றுபோனது என்றாள். பழைய தோழிகளும் குறைந்துபோனார்கள். இதையெல்லாம் உங்களிடம் மறைக்க மாட்டேன். உத்தியோகத்தோடு வாழ்க்கையும் மாறும்.

இப்போது அவள் பேச்சே வேறு. விடுதிப் பிள்ளைகளிடம் போன் கிடையாது. விடுமுறை முடிந்து திரும்பும்போது பத்து நாளைக்கு அவர்கள் பேச்சு, நடை எல்லாம் ரீல்ஸாகவே இருக்கும், அப்புறம் மெல்ல இறங்கும் என்றாள். அதனால் போனைத் தடை செய்தால் போதும் என்று சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை. “எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும் சார், வெளியே போனா அதுதானே உலகம்” என்றாள். எட்டாம் வகுப்பு சதவீதப் பாடத்துக்கு அவள் கையில் எடுப்பது செய்தித்தாள் விளம்பரம். ‘எங்கள் மையத்தில் தேர்ச்சி மூன்று மடங்கு’ என்று ஒன்று. இரண்டு பேர் ஆறு பேரானாலும் மூன்று மடங்குதான் என்று ஒரு சிறுமி கண்டுபிடித்தாளாம். ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்ற இன்னொன்றைப் பார்த்து, “ஒன்பதாவதில் எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள்?” என்று ஒரு பையன் கேட்டானாம். பள்ளிகளைப் பற்றி நான் இருபது வருடமாகப் பேசுவதை அந்தப் பையன் ஒரு கேள்வியில் முடித்துவிட்டான்.

வகுப்பறையில் வீடியோ எடுத்துப் போடும் ஆசிரியர்கள் மேல் அவளுக்குக் கோபம். தப்பான விடை சொல்லும் பிள்ளையின் முகம் யாருக்கும் வேடிக்கைப் பொருளாகக் கூடாது என்கிறாள். தன் இன்ஸ்டாகிராம் கணக்கையும் மூடிவிட்டாள். கல்வித் தொலைக்காட்சி மாதிரி பாடம் நடத்தும் சேனல்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் டிவிக்குள் இருக்கும் வாத்தியாருக்கு எதிரில் எந்தப் பிள்ளையின் புருவம் சுருங்குகிறது என்று தெரியாது, அந்த இடத்தில்தான் தனக்குச் சம்பளம் என்றாள். எனக்கு உங்கள் பையனின் நோட்டு ஞாபகம் வந்தது.

எச்சரிக்கைகளும் உண்டு. தமிழக அரசுப் பள்ளி வேலையை மட்டும் நம்பி இதில் இறங்காதீர்கள். 2013-இல் தகுதித் தேர்வில் தேறி, வருடக்கணக்கில் பணி கேட்டுப் போராடியவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் தகுதித் தேர்வுக்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வையும் வைத்துவிட்டார்கள். கேந்திரிய, நவோதயா அறிவிப்புகளும் வருடம் தவறாமல் வருவதில்லை. வராத காலத்தில் தனியார் பள்ளிச் சம்பளத்தில் ஓட்ட வேண்டியிருக்கும், அது பல ஊர்களில் கேவலமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, இந்தப் பட்டம் நம் மாநில அரசு வேலைக்கு இணையானதா, எந்தப் பாடத்துக்கு என்பதை அரசாணையோடு கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணிதம் எத்தனை வருடம் பாடமாக வருகிறது என்பதையும் சேரும் முன்பே பாருங்கள். அறிவிப்புகளில் அதைத் துருவுவார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை எடுக்க பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் சின்னப் பிள்ளைகள்தான் வேண்டும் என்றால் கதை வேறு. உங்கள் பையன் ஆறு முதல் பத்து வரை என்றான். அவன் பேசிய மூன்று வாக்கியத்தில் அது ஒன்று.

மச்சானிடம் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். அக்கா மகன் மேல் அவருக்குப் பாசம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 14 லட்சத்தில் பாதியை அவர் தருகிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம். முதல் அரை மணி நேரம் நீங்களும் வீட்டம்மாவும் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருங்கள், நான் பையனிடம் தனியாகப் பேசுகிறேன். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தோசைக் கணக்கு அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியவேண்டும்.