கல்யாணப் பத்திரிகை டிசைன், கைத்தையல் நோட்டு, நடுவில் வீடு: கேள்வி பதில்

வீட்டிலிருந்தே கல்யாண அழைப்பிதழ் டிசைன் செய்துகொண்டு, கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களும் செய்கிறவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறேன்.

சேலத்திலிருந்து: அக்கா, பெரியவன் மூணாவது படிக்கிறான், சின்னவளுக்கு இரண்டரை வயசு. டைம்டேபிள் போட்டுப் போட்டுக் கிழித்ததுதான் மிச்சம். எப்படிப் பிரிப்பது?

மணிக்கணக்கை வைத்துப் பிரிக்காதீங்கம்மா, வேலையின் குணத்தை வைத்துப் பிரியுங்கள். நம் தொழிலில் மூன்று வகை வேலை இருக்கிறது.

முதல் வகை, நடுவில் எழுந்தால் கெட்டுப்போவது. புது லேஅவுட் யோசிப்பது, அச்சுக்குப் போகும் முன் கடைசிப் பிழைதிருத்தம், நோட்டு அட்டைக்குத் துணி ஒட்டுவது எல்லாம் இதில் வரும். பசை தடவிவிட்டுக் குழந்தை அழுகிறதென்று போனால், திரும்பி வருவதற்குள் துணி சுருங்கி அட்டை வீணாகிவிடும்.

இரண்டாம் வகை, எழுந்து போய் வந்து தொடரலாம். கோலம், மயில் போன்ற ஓவியங்களை டிரேஸ் செய்வது, ஒரே டிசைனுக்கு மூன்று கலர் போடுவது, பில் அனுப்புவது, நோட்டுக்கு மடித்த தாள்களைத் தைப்பது.

மூன்றாம் வகை, குழந்தை பக்கத்தில் இருக்கும்போதே செய்யலாம். பேப்பர் மடிப்பது, நூலுக்கு மெழுகு தடவுவது, பார்சலுக்கு முகவரி ஒட்டுவது.

சின்னவள் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாள் என்றால் முதல் ஒரு மணி நேரம் முதல் வகைக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு வேலைக்கு. பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தை வாட்ஸ்அப்புக்குப் பதில் போட்டே கரைத்துவிடுகிறார்கள். அந்தப் பதில்களை அடுப்படியில் நின்றுகொண்டே போடலாம், லேஅவுட்டை அங்கே நின்று போட முடியாது. வாரத்தில் ஐந்து நாள் இப்படிக் கிடைத்தால் முதல் வகைக்கு ஐந்து மணி நேரம். ஒரு முழு அழைப்பிதழுக்கு லேஅவுட் இரண்டரை, பிழைதிருத்தம் ஒன்று, அச்சுக் கோப்பு தயாரிக்க அரை என நாலு மணி நேரம் இந்த வகையில் வேண்டும். ஆக வாரத்துக்கு ஒரு புது அழைப்பிதழ்தான் உங்களால் எடுக்க முடியும். இரண்டாவதை ஒப்புக்கொண்டால் அது ராத்திரித் தூக்கத்தில்தான் கைவைக்கும்.

எழுந்திருக்கும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டு மேல் வையுங்கள். "அடுத்து: மணமகள் பெயர் 2 பாயிண்ட் குறை, முகூர்த்த வரியை மேலே ஏற்று" என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். திரும்பி வந்து "எங்கே விட்டோம்" என்று தேடுவதில்தான் பாதி நேரம் போகிறது.

திருநெல்வேலியிலிருந்து: திருத்தம் ஓய்வதே இல்லை. மாப்பிள்ளை ஒன்று சொல்கிறார், பெண்ணின் சித்தப்பா ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் நோட்டில் வேறொன்று சொல்கிறார்.

ஒருவர்தான் பேச வேண்டும் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு வீட்டிலும் கேட்டு ஒரே பட்டியலாகத் தட்டச்சு செய்து அவர் அனுப்பட்டும். பெயர் திருத்தத்துக்கு வாய்ஸ் நோட்டு ஆகவே ஆகாது. "ரமணி"யா "ரமணீ"யா, "சரவணன்"னுக்கு முன்னால் இருப்பது "கி."யா "கீ."யா என்று காதில் கேட்டுத் தீர்மானிக்க முடியாது.

டிசைன் தொடங்கும் முன்னாலேயே வாங்கிக்கொள்ள வேண்டியவை: முகூர்த்தத்தின் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நட்சத்திரம், லக்னம், நேரம், மணமக்கள், பெற்றோர், தாத்தா பாட்டி பெயர்கள் இனிஷியலோடு, படிப்பு போடுவதா வேண்டாமா, யார் பெயர் முதலில் என்ற வரிசை, மண்டப முகவரி, "தங்கள் நல்வரவை விரும்பும்" பகுதியில் வரும் பெயர்கள். அந்த நல்வரவுப் பட்டியலில்தான் மனஸ்தாபமே ஆரம்பிக்கும், அதனால் அதைக் குடும்பமே எழுதித் தரட்டும், நீங்கள் வரிசை மாற்றாதீர்கள். தமிழ்த் தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பஞ்சாங்கத்தை வைத்து நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லோரும் பெயரைப் பார்ப்பார்கள், கிழமையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு சுற்றுத் திருத்தம் விலையில் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். கடைசி பிடிஎஃப்-ஐ அனுப்பி "பெயர், தேதி, இடம் சரிபார்த்தோம், அச்சிடலாம்" என்று எழுத்தில் பதில் வாங்காமல் அச்சகத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். ராத்திரிச் செய்திக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கிப் பதில் வைக்கலாம்: "காலை 10 மணிக்குப் பார்த்துப் பதில் சொல்கிறேன்." ஒரே ஒரு நாள் பதினொரு மணிக்குப் பதில் போட்டீர்களானால், கல்யாணம் முடியும் வரை அதே நேரத்துக்கு ஃபோன் வரும்.

விருதுநகரிலிருந்து: சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பில் தமிழ் எழுத்து உடைந்துவிட்டது. மறுபடி முழுக்கத் தட்டச்சு செய்ய வேண்டியதாகிவிட்டது.

இரண்டு காரணங்களில் ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, மென்பொருளில் இந்திய மொழி வசதியை இயக்காமல் விட்டிருந்தால் "கெ", "கொ" போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் இந்திய மொழித் தேர்வுகளைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் அதன் பெயர் வேர்ல்ட்-ரெடி கம்போசர்.

அனுப்பும் முன் எழுத்து முழுவதையும் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவக் கோடுகளாக, மாற்றிவிடுங்கள். மாற்றாத பிரதி ஒன்றை வேறு பெயரில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு இனிஷியல் மாற்றவும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். நிறம் சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மை முறை), படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் நிறம்), எழுத்து வெட்டும் கோட்டிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே. சின்ன கறுப்பு எழுத்து கறுப்பு மை 100 சதவீதத்தில் மட்டும் இருக்கட்டும். நாலு மையும் கலந்த கறுப்பில் அடித்தால், மைகள் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடம் இம்மி விலகினாலும் ஓரம் மங்கும், சுழிகள் அடைபடும். தங்க ஃபாயில் வரும் இடங்களைத் தனி லேயரில், ஒரே ஸ்பாட் நிறத்தில் (நாலு மையில் கலக்காத தனி நிறம்) கொடுங்கள். ஃபாயிலில் மெல்லிய கோடு நிற்காது, அரை பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம்.

திருச்சியிலிருந்து: எவ்வளவு வாங்குவது? நோட்டுக்கு விலை சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சத்தைக் கணக்கு தீர்த்துவிடும். இங்கே வருவது உதாரண எண்கள், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கைக்கு மாதம் 24,000 ரூபாய் வர வேண்டும். மென்பொருள், நெட், மின்சாரம், அடுத்த கணினிக்குச் சேமிப்பு 4,000. மொத்தம் 28,000. மாதம் 50 மணி நேரம் வேலை செய்ய முடிந்தாலும் விசாரணைக்குப் பதில் சொல்வது, கணக்கெழுதுவது போன்ற காசு வராத வேலைக்குக் கால் பங்கு போய்விடும். மீதி சுமார் 38 மணி நேரம். 28,000-ஐ 38-ஆல் வகுத்தால் 737. மணிக்கு 750 என்று வையுங்கள். ஒரு அழைப்பிதழுக்கு எல்லா வகையும் சேர்ந்து 7 மணி நேரம் ஆனால் 5,250 ரூபாய். பாதி அட்வான்ஸ், மீதி வந்த பிறகே அச்சுக் கோப்பு. அதுவரை வாட்டர்மார்க் போட்ட, அளவு குறைத்த படம் மட்டும்.

நோட்டுக்கு 750 ரூபாய்க் கூலி கட்டாது, சந்தை அதைத் தாங்காது. பத்து நோட்டுக்கு 12 மணி நேரம், கைவேலைக்கு மணிக்கு 200 என்று வைத்தால் ஒன்றுக்கு 240, பொருள் 110, ஆக 350. வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 385. கடையில் வைத்து விற்றால் 30 சதவீதம் கமிஷன் போகும், அதனால் கடை விலை 550. இதற்குக் கீழே கேட்பவருக்கு விற்பதைவிட வேண்டியவர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாம். டிசைன் வேலைக்குரிய, குழந்தை தூங்கும் நேரத்தை நோட்டுக்குச் செலவழிப்பதுதான் உண்மையான நஷ்டம், இரண்டு கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து: காட்டன் புடவைத் துணியில் அட்டை போடுகிறேன். காய்ந்ததும் வளைந்துவிடுகிறது, பசை வெளியே தெரிகிறது, பக்கங்களும் படியாமல் விறைத்து நிற்கின்றன.

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

பக்கம் விறைப்பது பேப்பரால். எந்தப் பேப்பரிலும் நார் ஒரு திசையில் ஓடும். நோட்டில் அது முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ4 பெரும்பாலும் நீளவாக்கில் நார் ஓடுவது. அதை ஏ5 ஆக மடித்தால் நார் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். பேப்பர் மண்டியில் பெரிய தாளாக வாங்கி, நார் திசையைச் சொல்லி அங்கேயே மெஷினில் வெட்டி வாங்குங்கள். திசை தெரிய ஒரு சின்னச் சதுரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழலாகச் சுருளும், அந்தக் குழலின் நீளவாக்குதான் நார் ஓடும் திசை.

பசை வெளியே வருவது துணிக்குப் பின்தாள் இல்லாததால். துணியை நனைத்து, சுருக்கம் இல்லாமல் பலகையில் விரித்து, மெல்லிய தாளில் மைதாப் பசை தடவி அதன் மேல் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு உரியுங்கள். பசைக்கு ஒரு பங்கு மைதா, ஆறு பங்கு தண்ணீர்; முதலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி, கண்ணாடி போல் ஆனதும் இறக்குங்கள். இரண்டு நாள் தாங்கும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தை நடமாடும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

வளைவது ஈரத்தால். ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டினால் அது காயும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உள்பக்கம் தாள் ஒட்டியதும் இழுப்பு சமமாகும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். அட்டையின் நாரும் முதுகுக்கு இணையாகவே ஓடட்டும். ஏ5 நோட்டுக்கு 2 மில்லிமீட்டர் கிரே போர்டு (சாம்பல் நிறக் கெட்டி அட்டை), 145-க்கு 216 மில்லிமீட்டர். முதுகுப் பட்டை, தைத்த கட்டின் தடிமனோடு 4 மில்லிமீட்டர் சேர்த்து. பட்டைக்கும் அட்டைக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் இடைவெளி. துணி சுற்றிலும் 2 சென்டிமீட்டர் கூடுதல். ஒட்டியதும் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றுங்கள், இரண்டு மணி நேரத்தில் செய்தித்தாளை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: எந்த மாதம் எதைச் செய்வது என்று திட்டமிட முடிகிறதா?

நன்றாகவே முடியும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை. ஆனால் நமக்கு ஓய்வு அந்த மாதங்களில் வராது, ஒரு மாதம் முன்னால் ஆனி, ஆவணி, கார்த்திகையில் வரும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் வேலை இருக்கும், தை மாதத்துக்கு மார்கழியில் உட்கார நேரமே இருக்காது. ஆவணியில் நோட்டு தைத்தால் நவராத்திரித் தாம்பூலத்தோடு கொடுக்கப் போய்ச் சேரும். கார்த்திகையில் தைத்தால் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும். வைகாசி முகூர்த்த வேலையும் பிள்ளைகளின் முழுப் பரீட்சையும் ஒன்றாக வரும். அந்தப் பங்குனி, சித்திரையில் நோட்டு ஆர்டரே எடுக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: "வீட்டில் சும்மாதானே இருக்கே" என்று மாமியார் எல்லா வேலையையும் என்னிடமே சொல்கிறார்.

அவர் கண்ணுக்கு நீங்கள் ஃபோனும் கையுமாகத்தான் தெரிகிறீர்கள், அதனால் வேலையைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். ஹாலில் காலண்டர் பக்கத்தில் "12-ந் தேதி இன்னார் வீட்டுப் பத்திரிகை அச்சுக்கு" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வேலைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஸ்கூல் ஃபீஸோ கேஸோ ஏதாவது ஒன்றை மாதாமாதம் அதிலிருந்தே கட்டுங்கள். "நாள் முழுக்கத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றால் யாருக்கும் கசக்கும். "அத்தை, ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் மட்டும், அப்புறம் நானே வந்துடறேன்" என்றால் பெரும்பாலும் நடக்கும். மூணு மணிக்கு நீங்கள் உண்மையிலேயே எழுந்து வர வேண்டும்.

கோவையிலிருந்து: மனைவி வேலைக்குப் போகிறார், குழந்தையைப் பார்த்துக்கொண்டு டிசைன் செய்வது நான்தான். வாடிக்கையாளர் அழைக்கும்போதெல்லாம் பையன் அழுகிறான்.

தம்பி, அழைப்புகளை எல்லாம் மனைவி வீட்டில் இருக்கும் ஒரு அரை மணி நேரத்துக்குத் தள்ளுங்கள், மாலை 7 முதல் 7:30 வரை. கல்யாண வீட்டார் வேலை முடிந்து வரும் நேரமும் அதுதான், அவர்களுக்கும் வசதி.

புதுச்சேரியிலிருந்து: வரி, ஜிஎஸ்டி?

சுருக்கமாக: சேவையும் பொருளும் சேர்ந்து ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சாதாரணமாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பதற்குத் தனி விதிகள் உண்டு, நோட்டை அனுப்பும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். நிறுவனங்களுக்கு டிசைன் செய்தால் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிட்டுத் தரலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கட்ட வேண்டிய வரியில் கழியும், மிஞ்சியது திரும்ப வரும்.

மதுரையிலிருந்து: தவழும் குழந்தை இருக்கிறது, ஊசியும் பிளேடும் பயமாக இருக்கிறது.

தைக்கும்போது எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனையும் எண்ணி காந்தத் தட்டில் திருப்பி வையுங்கள். உடைத்த கட்டர் பிளேடு துண்டுகளை மூடியுள்ள மாத்திரை டப்பாவில் போட்டு டேப் சுற்றிக் குப்பைக்கு அனுப்புங்கள். அட்டை வெட்டுவதைக் குழந்தை விழித்திருக்கும்போது செய்யவே வேண்டாம், 2 மில்லிமீட்டர் போர்டை அறுக்க ஏழெட்டு முறை பிளேடு ஓட வேண்டும், நடுவில் கவனம் திரும்பினால் விரல் போகும். பத்து நோட்டுக்கான அட்டையையும் ஒரே மூச்சில் ஞாயிற்றுக்கிழமை வெட்டி வைத்துவிட்டால், வாரம் முழுக்கப் பிளேடை எடுக்கத் தேவையிருக்காது.