கண்ணாடித் துண்டுக்குச் சாயம் போடவா கால்நடை மருத்துவம் படித்தாள்?

அம்மா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஐந்தரை வருஷப் படிப்பு முடியப் போகிறது. மகள் கிளினிக் வைப்பாள் என்று நினைத்தீர்கள். அவளோ நோய்க்குறியியலில் (பேத்தாலஜி) எம்.வி.எஸ்சி. என்ற முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். அந்தச் சாயம் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாயின் தோலில் ஒரு கட்டி. கிள்ளி எடுத்த துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்துக்குச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, வழக்கமான சாயமேற்றிப் பார்க்கிறார்கள். உருண்டை உருண்டையாகச் செல்கள். ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் கட்டியா, நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்போமாவா, இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் டி.வி.டி. கட்டியா? சில சமயம் அனுபவசாலிக்கே பிடிபடாது. அப்போது இன்னொரு சீவலுக்கு டொலுயிடின் புளூ என்ற சாயம் போடுவார்கள். சுற்றிலும் எல்லாம் நீலமாக இருக்க, மாஸ்ட் செல்லுக்குள் இருக்கும் பொடித் துகள்கள் மட்டும் செவ்வூதாவாகத் தெரியும். முதல்முறை பார்க்கும் யாருக்கும் கண்ணை எடுக்க மனசு வராது.

மாஸ்ட் செல் கட்டி என்றால் சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து அகலமாக அறுக்க வேண்டும். டி.வி.டி. என்றால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியிலேயே கரைந்துவிடும். கிளினிக் டாக்டர் இந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்திருப்பார். துகள் குறைந்த முதிராத செல்களில் இந்தச் சாயமும் பிடிக்காமல் போகலாம். அங்கே ஆன்டிபாடி கொண்டு செல்லின் புரதத்தைத் தேடும் இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரி கைகொடுக்கும். மனிதத் திசுவுக்கென்று செய்த ஆன்டிபாடி எல்லாமே நாய்க்கும் மாட்டுக்கும் வேலை செய்வதில்லை என்பதால், விலங்கைத் தெரிந்த ஆளே அதைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, வேலை? கல்லூரி ஆசிரியப் பணி, செல்லப்பிராணிப் பரிசோதனைக் கூடங்கள், புது மருந்தின் நச்சுத்தன்மையை எலித் திசுக்களில் பார்க்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்குப் பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் போகத் தயாராக இருக்க வேண்டும். எம்.வி.எஸ்சி. படிப்பதால் அரசு கால்நடை உதவி மருத்துவர் பணிக்கான தகுதி போய்விடாது. நன்றாக ஓடும் கிளினிக்கின் வருமானம் ஆரம்பத்தில் வராது. அதை மறைக்க மாட்டேன்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பயிற்சிக் காலத்தில் நோய்க்குறியியல் துறையில் கேட்டு, ஒரே ஒரு கட்டியை ஃபார்மலின் டப்பாவிலிருந்து ரிப்போர்ட் வரை கூடவே இருந்து பார்க்கட்டும். சீவல் கிழிந்து நாலாவது முறை சீவும்போதும் அவளுக்குச் சலிக்கவில்லை என்றால், தயங்காமல் அனுப்புங்கள்.