ஊர் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கிராமத்தில் வீட்டு நாய் எது, தெருநாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடிபட்டவர்களுக்கு மருத்துவமனையில் ஊசி போடுகிறார்களே, பிறகு நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போடப் பணமும் ஆளும் செலவழிப்பது அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு காப்பாற்றும் மருத்துவம் இல்லை என்றே கொள்ளலாம். பிழைத்தவர்கள் மிக அரிது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களிடமிருந்தே வருகிறது.

கடிபட்ட பின் போடும் ஊசி, உடனே தொடங்கி எல்லாத் தவணைகளும் முடிக்கப்பட்டால், உயிரைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிராமத்தில் சிக்கலே அந்த ‘உடனே’ என்பதில்தான் இருக்கிறது. அம்மா திட்டுவாள் என்று பயந்து கணுக்காலில் பட்ட சிறு கீறலை மறைக்கும் பிள்ளை, முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்ளும் கூலித் தொழிலாளி, ஆழமான காயத்துக்குத் தேவையான, உடனடி எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலின் மருந்து கைவசம் இல்லாத சிறிய மருத்துவமனை என்று ஒவ்வொரு படியிலும் உயிர் நழுவ இடமிருக்கிறது. வெறிநாய் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். மேலும், மனிதருக்கு எத்தனை ஊசி போட்டாலும் நாய்க்கு நாய் பரவும் கிருமி அப்படியே இருக்கும். அந்தச் சங்கிலியை நாயிடத்தில்தான் அறுக்க முடியும்.

கேள்வி: எழுபது விழுக்காடு நாய்களுக்குப் போட்டால் போதும் என்கிறார்களே, மீதமுள்ள முப்பது விழுக்காட்டால் நோய் பரவாதா?

பதில்: வெறிநோய் கொடியது, ஆனால் வேகமாகப் பரவுவதன்று. நோயுற்ற ஒரு நாய், தான் சாகும் முன், சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது என்று பல நாடுகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே பெரும்பான்மை நாய்களுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், கடிக்கும் நாய்க்கு நோயை வாங்கிக்கொள்ளும் நாய் கிடைப்பது அரிதாகி, நோய் தானே அணைந்துவிடும்.

உண்மையில் அந்தக் கணக்குக்கு எழுபதைவிடக் குறைவான விழுக்காடே போதும். பின் ஏன் எழுபது என்றால், கிராமத்து நாயின் ஆயுள் குறைவு. ஊசி போட்ட நாய்கள் சாக, ஊசி போடாத குட்டிகள் அவற்றின் இடத்துக்கு வர, ஆண்டு முடிவதற்குள் பாதுகாப்பு தேய்ந்துவிடுகிறது. ஆண்டுதோறும் முகாம் வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

இந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றியம் முழுவதற்கும் சேர்த்து எழுபது விழுக்காடு என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, சாலை இல்லாத இரண்டு குக்கிராமங்களில் ஒரு நாயையும் தொடாமல் வந்திருந்தால், நோய் அங்கே தங்கியிருந்து மறுபடியும் வெளியே வரும். சராசரியைக் காட்டிப் பெருமைப்படுவதைவிட, விடுபட்ட குடியிருப்பு எது என்று கேட்பதே பயனுள்ளது. அதுபோலவே, ‘மூன்று மாதம் ஆகட்டும்’ என்று குட்டிகளைத் திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் பல முகாம்களில் இருக்கிறது. குட்டிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவற்றுக்குப் பின்னர் மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நாய்களைக் கொன்றுவிட்டால் செலவு குறையுமே?

பதில்: குறையாது. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997இல் நோய் புகுந்தபோது பெருந்தொகையான நாய்களைக் கொன்றார்கள், நோய் ஒழியவில்லை. பாலித் தீவில் 2008இல் நோய் வந்தபோதும் கொலையில்தான் தொடங்கினார்கள். 2010இல் தீவு முழுவதும் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகே மனித மரணங்கள் குறைந்தன. கொல்ல வருகிறார்கள் என்றால் மக்கள் நாயை ஒளித்து வைப்பார்கள், வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள், கிருமியும் கூடவே போகும்; ஊசி போட்ட நாயும் சேர்ந்து சாகும். பல ஆண்டுகள் விடாமல் நாய்களுக்கு ஊசி போட்ட மெக்சிகோவை, நாய்வழி மனித வெறிநோய் நீங்கிய நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கேள்வி: முகாம் நடத்துவதில் கவனிக்க வேண்டியவை யாவை?

பதில்: மக்கள் வயலுக்குப் புறப்படுவதற்கு முன், விடியற்காலையில் தொடங்குவது நல்லது. பொது இடத்தில் மேசை போட்டு, நாயைக் கொண்டுவரச் சொன்னால் சாதுவான நாய்கள் வந்துவிடும். ஆனால் கயிறு கட்டிப் பழகாத நாய் கூட்டத்தைக் கண்டதும் பிய்த்துக்கொண்டு ஓடும். அவற்றுக்காக வீடு வீடாகப் போகத்தான் வேண்டும், யாருக்கும் அடங்காதவற்றுக்கு வலையும் பழகிய ஆட்களும் தேவை. நாயைப் பிடிப்பவர்கள் அனைவரும் தாங்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில், உறையவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டதும் நாயின் தலையிலோ முதுகிலோ சாயம் தடவினால், அடுத்த நாள் தெருவில் சாயமுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் எண்ணி, எத்தனை விழுக்காடு எட்டினோம் என்று ஓரளவு சரியாகவே அறியலாம். முகாம் முடிந்த மாலையே மேசையை மடித்துக்கொண்டு போய்விடாமல் இந்த எண்ணிக்கையை எடுப்பவர்கள் குறைவு. எடுத்தால்தான் எந்தத் தெருவுக்கு மறுபடி போக வேண்டும் என்பது தெரியும்.

கேள்வி: ஊசி போட்ட நாய் கடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டும். முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். நாய்க்கு எப்போது ஊசி போடப்பட்டது என்ற விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனியுங்கள். அதற்குப் பிறகும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று பொருள். அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மட்டும் கூடாது.