மகன் கார் மெக்கானிக் ஆகிறேன் என்கிறான்: என்ன படிக்க வைப்பது?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கு சுமார், இயற்பியல் பரவாயில்லை. வீட்டில் மிக்ஸி, ஃபேன் எதையும் கழற்றாமல் விடமாட்டான். கார் மெக்கானிக் ஆகப்போகிறேன் என்று ஒரே பிடிவாதம். "கை கறுத்துப்போகிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று அவன் அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். என்ன செய்வது?
- திண்டுக்கல் வாசகி

அம்மா, உங்கள் கணவர் மனதில் இருப்பது இருபது, முப்பது வருடங்களுக்கு முந்தைய ஒர்க் ஷாப். அது இன்னும் ஒழிந்துபோகவில்லை. கிரீஸும் இருக்கிறது, முதுகுவலியும் இருக்கிறது. ஆனால் இன்று ஒரு காரில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பவருக்கும், கண்டுபிடித்ததைக் கழற்றி மாட்டுபவருக்கும் இடையே பெரிய தூரம் விழுந்துவிட்டது. உங்கள் மகன் இதில் எந்தப் பக்கம் போகப்போகிறான் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1-இல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் வண்டிகளில் மின்னணுப் பாகங்கள் இன்னும் கூடிவிட்டன. பல டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி, அது அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அழுத்த சென்சார். இன்ஜின், பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. இவை எல்லாம் கேன் எனப்படும் இரண்டு ஒயர்கள் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

"கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டினால் அதுவே சொல்லிவிடுமே" என்பார்கள். அங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஒரு பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்று கோளாறுக் குறியீடு வருகிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஏன் என்று அது சொல்லாது. அவசரக்காரர் புகையில் உள்ள ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவார். நாலு நாளில் விளக்கு மறுபடி எரியும். அந்த சென்சார் பாவம், பார்த்ததைச் சொன்னது, அவ்வளவுதான்.

தெரிந்தவர் அதே ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்ப்பார். குறையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்பது அது. உள்ளே போகும் காற்றை மாஃப் சென்சார் அளக்கிற வண்டியில், ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அந்த எண் எகிறி, இன்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு (ஆர்பிஎம்) ஏற்றியதும் இயல்புக்கு இறங்கினால், பெரும்பாலும் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. மாறாக, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் தேட வேண்டும். ஒரு பாகத்தைக்கூடக் கழற்றாமல் பாதி வேலை முடிந்தது.

உங்கள் மகன் பத்தாம் வகுப்பில் படித்த பக்க இணைப்பும் (பேரலல்) இங்கே வருகிறது. கேன் ஒயர்களின் இரு முனைகளிலும் ஆளுக்கொன்றாக 120 ஓம் தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. (சில புது வண்டிகளில் நடுவில் கேட்வே என்ற இணைப்புப் பெட்டி இருப்பதால் இந்தக் கணக்கு மாறும்; அதைச் சொல்ல ஒயரிங் டயக்ராம் வேண்டும்.) அவனிடம் ஏன் 60 என்று கேட்டுப்பாருங்கள். பேப்பர் எடுத்துப் போட்டுக் காட்டினால் இந்தத் தொழிலுக்கு அவன் சரி. கணக்கில் எத்தனை மார்க் என்பதைவிட எனக்கு இது முக்கியம்.

சரி, படிப்பு. பத்தாவது முடித்தவர்களுக்கு ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் 2 வருடம். மின்வாகன மெக்கானிக் பிரிவும் 2 வருடம். ஆனால் உங்கள் மகன் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு என்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2 வருடத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ கையில் வந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். பின்னால் மனம் மாறினால் டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேர முடியும். அவன் அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

"மூன்றே மாதத்தில் ஈசியூ (அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி) ரிப்பேர்" என்கிற விளம்பரங்களுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அடிப்படை மின்சாரம் தெரிந்தவருக்கு அவற்றில் சில பயன்படலாம், அதுவும் பிறகு. எந்த இடமானாலும் நேரில் போய்க் கேளுங்கள்: ஓடுகிற வண்டி எத்தனை வைத்திருக்கிறீர்கள்? வேண்டுமென்றே கோளாறு வைத்து மாணவனைத் தேட விடுவீர்களா? மின் சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை அவன் கையில் கொடுப்பீர்களா? பதில் இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

டிப்ளமோவுக்குப் பிறகு ஒரு வருடமாவது கம்பெனி சர்வீஸ் சென்டரில் அப்ரன்டிஸாக இருப்பது நல்லது. சொந்த ஒர்க் ஷாப் கனவு அப்புறம். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஐடி வேலைக்குப் போகும் நண்பனோடு ஒப்பிட்டால் வீட்டில் சண்டைதான் வரும். ஆங்கிலமும் தேவை. பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சர்வீஸ் மேனுவலை வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். தமிழ் வழியில் படித்தவன் என்றால் தினம் ஒரு பக்கம் பழகட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மின்சார காரில் ஆரஞ்சு நிற ஒயர் என்றால் உயர் மின்னழுத்தம். பல கார்களில் 400 வோல்ட் அளவுக்கு ஓடுகிறது. முறையான பயிற்சியும் அதற்கான கையுறையும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. மிக்ஸியைக் கழற்றிய தைரியம் அங்கே ஆபத்து.

சேர்க்கைக்கு முன் தெரிந்த ஒர்க் ஷாப்பில் இரண்டு வாரம் அவனை விடுங்கள், சம்பளம் கேட்க வேண்டாம். மாலையில் வந்து "இன்றைக்கு என்ன மாற்றினோம்" என்று மட்டும் சொல்கிறானா, "அது ஏன் போச்சு" என்று மண்டையைக் குடைந்துகொள்கிறானா என்று கவனியுங்கள். முதலாவது என்றால் இன்னொரு முறை பேசலாம், எழுதுங்கள். இரண்டாவது என்றால் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவன் அப்பாவையும் அந்த ஒர்க் ஷாப்புக்கு அனுப்பிவையுங்கள்.