ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் சைக்கிள் வந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் கேட்டவை இவை. எல்லாமே சைக்கிள் தலைப்பைப் பற்றியவை.

டீச்சர், 'டூ யூ ஹேவ் எ பைசிக்கிள்?' என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் மோட்டார்தான் இருக்கிறது. பொய் சொல்லலாமா?

பொய் எதற்கு, தம்பி? 'நோ' என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளாமல் இருந்தால் போதும். வேலைக்கு ரொம்ப தூரம் போக வேண்டும், அதனால் மோட்டார் வாங்கினேன், தமிழ்ப்பள்ளிக்குப் போன காலத்தில் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன் என்று சொல். முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம்தான். ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று வாக்கியம் வந்தால் நல்ல பதில். ஒன்றை மறக்காதே: நாம் மோட்டார் என்பதை அங்கே 'மோட்டர்பைக்' என்று சொல்ல வேண்டும். வெறும் 'மோட்டர்' என்றால் இயந்திரம் என்று ஆகிவிடும்.

நான் தாதி. இங்கிலாந்தில் வேலைக்குப் பதிய, பேச்சில் 9க்கு 7 வேண்டும். இரண்டாம் பகுதியில் தலைப்பு அட்டையைக் கொடுத்ததும், தயாராகத் தரும் அந்த ஒரு நிமிடத்தில் என்ன எழுதுவது?

வாக்கியம் எழுதாதீர்கள் அம்மா, நிமிடம் அதிலேயே போய்விடும். ஐந்து சொல் போதும். தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்த உங்கள் தாத்தாவின் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பால் வாளி, பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது), மழை, இப்போது. ஒவ்வொரு சொல்லிலும் இருபது விநாடி நின்றால் ஒன்றரை நிமிடம் தாண்டிவிடும். பேசச் சொல்லிக் கேட்பது 1 முதல் 2 நிமிடம்.

முதல் நான்கும் பழைய காலம், அதனால் 'யூஸ்ட் டு' தானாக வரும்: 'ஹீ யூஸ்ட் டு கேரி லேடெக்ஸ் ஆன் இட்'. கடைசிச் சொல்லில் நிகழ்காலத்துக்கு வந்துவிடுங்கள்: அந்தச் சைக்கிள் இப்போது எங்கே, யார் தொடுகிறார்கள்? இலக்கணத்தை விதவிதமாகக் கையாளத் தெரியும் என்று அதிலேயே காட்டிவிடலாம். பெரட்டை 'மார்னிங் ரோல் கால்' என்று சொல்லுங்கள்.

சைக்கிள் உடலுக்கு நல்லது, காற்றைக் கெடுக்காது என்று மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தேர்வாளர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். பால் வாளி தளும்பாமல் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன தாத்தா உங்களுக்கு மட்டும்தானே இருக்கிறார்!

'ஐ ஆம் ஹேவிங் எ பைசிக்கிள் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' சரியா?

தவறு. 'ஐ ஹேவ் ஹேட் எ பைசிக்கிள் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. தமிழில் 'வைத்திருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு பேசுவதால் 'ஹேவிங்' வந்து விழுகிறது.

மூன்றாம் பகுதியில் 'சைக்கிள் சமுதாயத்தை எப்படி மாற்றியது' என்று பெரிதாகக் கேட்டால் எனக்குக் கருத்தே வராது, டீச்சர். நான் ஆறாம் படிவம்.

உன் வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பி. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளுக்கும், பிறகு காருக்கும் டயர் வேண்டியிருந்ததால் ரப்பர் தேவை ஏறியது, தோட்டங்கள் பெருகின, ஆள் வேண்டும் என்று நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். இதை உன்னைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? ஆண்டு மறந்தால் விட்டுவிடு, அது வரலாற்றுத் தேர்வு இல்லை. காரணமும் விளைவும் தொடர்ந்து வந்தால் சரி.

விளையாட்டைப் பற்றிக் கேட்டால் டுங்குனில் பிறந்த நம் நாட்டு சைக்கிள் வீரர் அசிசுல்ஹாஸ்னி அவாங் இருக்கிறார். ஒலிம்பிக்கில், கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி.

என் பேச்சில் தோட்டத்து வாடை அடிக்கிறது. மதிப்பெண் குறையுமா?

குறையாது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சமமான எடை. உச்சரிப்பில் பார்ப்பது, பேசுவது தெளிவாகப் புரிகிறதா என்பதுதான். ஆனால் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். அது 'பைசைக்கிள்' இல்லை, 'பைசிக்கிள்'. 'மோட்டர்சைக்கிள்' என்பதில் மட்டும் 'சை' வரும். இன்றைக்கே பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.