தனிக்குடித்தனம்

கேள்வி: இண்டியானாவில் படிக்கும் என் மகன், 'நோட்டர் டேம், விளையாட்டில் எந்த லீக்கிலும் (பல்கலைக்கழகங்கள் கூடி ஆடும் போட்டிக் கூட்டமைப்பு) சேராத பல்கலைக்கழகம்' என்கிறான். எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– வாசகி, கோவை

பதில்: எல்லாம் டி.வி. புண்ணியம்! அவர்கள் சொந்த மண்ணில் ஆடும் அமெரிக்கக் கால்பந்தை 1991 முதல் என்.பி.சி. என்ற அமெரிக்க டி.வி. காட்டுகிறது. மற்ற பல்கலைக்கழகங்கள் லீக்குக்கு வரும் டி.வி. பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்ள, இவர்களுக்குத் தனி உலை.

ஆனால் உங்கள் பிள்ளை சொன்னது பாதிதான் சரி. கூடைப்பந்து உட்படப் பல ஆட்டங்களுக்கு 2013 முதல் ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) லீக்கில் உறுப்பினர்தான், பதிலுக்கு, ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து கால்பந்து ஆட்டங்களை அந்த அணிகளோடு ஆடவேண்டும். என் பாட்டி பாஷையில், 'அடுப்பு வேறு, கிணறு ஒன்று'. கொரோனா வந்த 2020-ல் மட்டும் கால்பந்தும் ஏ.சி.சி.க்குள் வந்தது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் 2011-ல் கால்பந்தில் தனியே போனது. 2023-ல் 'பிக் 12' லீக்கில் ஐக்கியமாகிவிட்டது.