கொல்லையில் கட்டியிருந்த ராஜபாளையத்தைக் காணோம்

கேள்வி: பாபநாசம் பக்கம் கிராமம். எங்கள் ராஜபாளையம் பெண் நாய் முத்துவுக்கு இரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. முந்தாநாள் ராத்திரி கொல்லையில் கட்டியிருந்தோம். விடிந்து பார்த்தால் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் மட்டும் கிடக்கின்றன, பட்டையின் பக்கிள் கழற்றியிருக்கிறது. ஸ்டேஷனில் “நாய்தானே, தானா வரும்” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தப் பக்கிளைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் முக்கியம். ராஜபாளையத்துக்குத் தலை ஒடுக்கம். பட்டையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆனால் அப்படி வந்தால் பக்கிள் பூட்டியபடியே கிடக்கும். கடித்து அறுத்தால் பல் தடம் இருக்கும். கழன்று கிடந்தால் அது மனிதக் கை. அப்படியே போட்டோ எடுத்து, பட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். ‘நாயைக் காணவில்லை’ என்று எழுதாதீர்கள், ‘திருடப்பட்டது’ என்று எழுதுங்கள். சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு நாய் உங்கள் உடைமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303வது பிரிவில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. மதிப்பையும் மறக்காமல் எழுத வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் முறைத் திருட்டு என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. குட்டியை வாங்கிய ரசீது, இல்லையென்றால் பணம் அனுப்பிய விவரத்தை இணையுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

மெயின்ரோட்டுக் கடைகளின் கேமராவை இன்றைக்கே கேளுங்கள். சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும்.

அப்புறம், “நாய் எங்கிட்ட இருக்கு, பணம் அனுப்புங்க” என்று போன் வரும். நாயைக் காணோம் என்று நீங்கள் ஒட்டும் போஸ்டரில் நம்பரைப் பார்த்துவிட்டு ஏமாற்றுகிறவர்களே அதிகம். முத்துவை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த எண்ணைப் போலீசில் கொடுங்கள்.

நாய் கிடைத்தாலும் சிக்கல் தீராது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, எல்லா ராஜபாளையமும் பார்வைக்கு ஒன்றுதான். ஒருமுறை ஒரே நாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு குடும்பத்தார் என் கிளினிக்குக்கு வந்தார்கள், இருவருமே அழுதார்கள். பின்னங்காலின் உள்பக்க மயிரை விலக்கிப் பார்த்தேன். வேலிக்கம்பி கிழித்து நான் போட்ட நான்கு தையலின் தழும்பு இருந்தது. ஒரு குடும்பத்தின் தடுப்பூசிப் புத்தகத்தில் அந்தத் தேதியும் என் கையெழுத்தும் இருந்தன. அன்றிலிருந்து எந்தச் சின்னக் காயத்தையும் புத்தகத்தில் எழுதாமல் அனுப்புவதில்லை. முத்துவின் தழும்பு, மச்சம், காதின் உள்பக்கக் கரும்புள்ளி எதுவாக இருந்தாலும் புகாரில் சேருங்கள். மூக்கின் வரிகள் நம் கைரேகை மாதிரி, நாய்க்கு நாய் மாறும். கிட்டத்தில் எடுத்த படம் போனில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

திரும்பி வந்ததும் மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். அரிசி மணி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவோம். அது இருக்குமிடத்தைக் காட்டாது. ஸ்கேனரில் 15 இலக்க எண்ணைக் காட்டும், அதை மாற்ற முடியாது.

தேடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. இருட்டியதும் டார்ச்சோடு போங்கள். சோறு வைக்க அவளை எந்தக் கையசைவில் அழைப்பீர்களோ அதையே வெளிச்சத்தில் காட்டுங்கள். வேறொருவர் வீட்டில் அவளைக் கண்டால், போலீசாரை உடன் வைத்துக்கொண்டு அந்தக் கையசைவையே அந்த வீட்டார் முன்னாலும் காட்டுங்கள். அவள் உங்களிடம் வந்தால், உங்கள் நாய் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.